எக்ஸ்ட்ரா ஸ்மால்

கையுறை அலமாரியில்
என் அளவுப் பெட்டிதான் கடைசியில் தீரும்.
இந்த வார்டில் அது எனக்கு மட்டும்.

ஃபஹாஹீலில் இரவு ஷிப்ட்.
ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்ட ஒன்றுக்கு
நரம்பு அகப்படவில்லையென்றால்
மூன்றாம் மாடியிலிருந்தும் போன் வரும்:
ஜெபக்கனியை அனுப்பு.
தையல் நூல் கனத்தில் நீலமாய் ஒரு கோடு.
மூச்சைப் பிடித்து, ஒரே குத்து.
அதற்குச் சின்னக் கை வேண்டும்.

அதே கை
இரண்டு கட்டைக் குழலில்
ஆறாவது துளையை எட்டாமல்
பாதி வழியில் நடுங்கிக்கொண்டு நிற்கும்.
சுண்டுவிரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சின்னக் குழல் வாங்கு என்கிறார்கள்.
ஆறு கட்டை, ஏழு கட்டை, உன் கைக்கு அளவெடுத்தாற்போல்.
பன்னிரண்டு மணி நேரம்
மானிட்டர் கீச்சிட்டதைக் கேட்ட காதுக்கு
வீட்டிலும் ஒரு கீச்சா?
எனக்கு அடிக்குரல் வேண்டும்.
வயிற்றில் கேட்கிற சுரம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மூங்கில்
முதல் ஜூலையிலேயே
ஏ.சி. காற்றில் காய்ந்து
நடுச்சாமத்தில் டப்பென்று வெடித்தது.
லிஸ்ஸம்மா சேச்சி எழுந்து லைட்டைப் போட்டு
கேஸ் சிலிண்டரைப் பார்க்கப் போனாள்.

இரண்டாவது குழல்
வயர் ஓட்டுகிற வெள்ளைப் பைப்.
மூன்று மீட்டர், எழுநூறு ஃபில்ஸ்.
டிரில் வைத்திருந்தவன்
எங்கள் கட்டிடத்து ஏ.சி. மெக்கானிக் மொஃபிஸுல்.
அவனுக்குத் தெரிந்த இந்தியில் பாதி,
எனக்குத் தெரிந்ததில் கால்.
எதற்கு என்று கேட்டான். ஊதிக் காட்டினேன்.
சரி, கையைக் காட்டு என்றான்.

டிஷ்யூ பெட்டியைக் கிழித்து விரித்து
அதன்மேல் என் கையை வைக்கச் சொன்னான்.
நான் விரித்தேன், வலிக்கிற அளவுக்கு.
அட, விரிக்காதே. சும்மா வை.
தூங்கும்போது கை எப்படிக் கிடக்குமோ அப்படி.

சும்மா வைத்த கையைச் சுற்றி
பென்சில் ஊர்ந்தது.
இத்தனை வருடத்தில்
என் விரல்கள் ஒரே கோட்டில் இல்லையென்று
அப்போதுதான் பார்த்தேன்.
மோதிரவிரல் ஒதுங்கி நிற்கிறது.
துளைகள் மட்டும் ஏன்
ரேஷன் வரிசை மாதிரி நிற்கவேண்டும்?

ராத்திரிகளில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:
துளையைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும்
குழல் கண்டுகொள்ளாது.
வாய்ப்பக்கம் தள்ளினால் சுரம் ஏறும்.
ஏறினால் துளையைச் சிறிதாக்கு, இறங்கிவரும்.
ரொம்பச் சிறிதாக்கினால்
சளிப் பிடித்த குரல்.

முதல் பைப் போயிற்று.
அடுத்ததில் ஒரு துளை
அரை விரல் தவறி விழுந்தது.
ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டினேன்,
ஐ.வி. ஊசியை ஒட்டுகிற பழக்கத்தில்
தேதி, நேரம் எழுதி.

மூன்றாவதில்
மோதிரவிரல் துளை எனக்காகச் சரிந்திருக்கிறது,
சுண்டுவிரல் துளை அதைவிட.
பிசிறை உப்புத்தாளால் தேய்த்த மொஃபிஸுல்
தானும் ஒருமுறை ஊதிப்பார்க்கக் கேட்டான்.
ஸ்பானர் பிடித்த அவன் விரல்கள்
எங்கே வைத்தாலும்
ஏதோ ஒரு துளை திறந்துகிடந்தது.
காற்று மட்டும் வந்தது.
சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.
காசு வாங்கவில்லை,
தன் இரத்த அழுத்தத்தை மட்டும் பார்க்கச் சொன்னான்.
நூற்றைம்பத்தெட்டு. உப்பைக் குறை என்றேன்.

வெள்ளிக்கிழமை, சேச்சி சர்ச்சுக்குப் போனபின்
எல்லா விரலையும் சும்மா வைத்தேன்.
எட்டிப் பிடிக்க ஒன்றுமில்லாதது
முதலில் பயமாகக்கூட இருந்தது.
பிறகு ஊதினேன்.

அடி சுரம் வந்தது.
கட்டில் சட்டத்தில் உணர்ந்தேன்.
தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள்,
தண்ணீர் லாரி வந்தது, போனது,
நான் அந்த ஒன்றையே ஊதிக்கொண்டிருந்தேன்.

ஏ.சி.யும் கூடவே முனகியது,
என் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே.
திங்கட்கிழமை மொஃபிஸுலிடம் கேட்கவேண்டும்,
அதைக் கொஞ்சம் ஏற்ற முடியுமா என்று.